‘அபாயம்’ பலகையில் மட்டும் தமிழ் போதுமா?

மாசி மகம் வந்துவிட்டால் லூமுட் படகுத்துறை தமிழ் பேசும். பங்கோர் தீவின் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத் திருவிழாவுக்காகப் பேராக்கின் பல பகுதிகளிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் பக்தர்கள் வந்து குவிவார்கள். ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான் என்று பேருந்துகள் வரிசை கட்டும். படகுக்குக் காத்திருப்போர் கையில் பால்குடம், தோளில் பிள்ளை, பையில் மாற்றுத் துணி. வழியெங்கும் ‘அனைவரும் வருக’ என்று தமிழ்ப் பதாகைகள். அரசியல் தலைவர்கள் கைகூப்பிச் சிரிக்கும் வாழ்த்துப் பதாகைகளும் அவற்றுக்கு நடுவே இடம் பிடித்துவிடும்.

திருவிழா முடிந்ததும் பதாகைகள் கழற்றப்படும். அத்தோடு தமிழும் கழன்றுவிடும். படகு நேரம், கட்டணம், கழிப்பறை, வெளியேறும் வழி என்று அங்கே நிரந்தரமாக நிற்கும் அறிவிப்புகளில் முன்னிற்பவை மலாயும் ஆங்கிலமும்தான். ஆண்டு முழுவதும் நிற்கும் பலகைகளில் தமிழைத் தேட வேண்டுமானால் சற்றுத் தள்ளி நடக்க வேண்டும். மின்சார வாரியத்தின் துணை மின்நிலையக் கதவில் ‘அபாயம்’ என்று இருக்கும். பாதுகாக்கப்பட்ட இடங்களின் வேலியில், துப்பாக்கி ஏந்திய காவலர் முன் ஒரு மனிதன் கைகளைத் தூக்கி நிற்கும் அந்தச் சிவப்புப் பலகையில், மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ‘உள்ளே வராதே’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கடற்படைத் தளத்தைக் கொண்ட ஊர் லூமுட். இத்தகைய பலகை இவ்வட்டாரத்தாருக்குப் புதிதல்ல.

‘வருக’ என்று சொல்லும்போது நினைவுக்கு வராத மொழி, ‘வராதே’ என்று சொல்லும்போது மட்டும் எப்படி நினைவுக்கு வருகிறது? கேலிக்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. இந்நாட்டில் தமிழின் பொது இடத்து வரலாறே இதற்குள் அடங்கியிருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து மலாயாவின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் இரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ரோமன் எழுத்து, ஜாவி, சீனம், தமிழ் என நான்கும் இருக்கும். டாலர் நோட்டிலும் தமிழ் இருந்தது. வெள்ளைக்காரனுக்குத் தமிழ் மேல் காதல் என்று யாரும் எண்ண வேண்டாம். தண்டவாளம் போட்டவனும் சாலை வெட்டியவனும் கித்தா மரம் சீவியவனும் தமிழன். அவனுக்கு வேறு எழுத்து தெரியாது. சம்பள நோட்டு எத்தனை வெள்ளி என்று அவன் அறிய வேண்டும். எந்த நிலையத்தில் இறங்குவது என்று அவன் அறிய வேண்டும். எந்தக் கம்பியைத் தொட்டால் செத்துவிடுவான் என்றும் அறிய வேண்டும். உழைப்பவன் உயிரோடு இருந்தால்தான் வேலை நடக்கும். ஆகவே தமிழ் எழுதப்பட்டது.

லூமுட் இதில் தனிக் கதை கொண்ட ஊர். 1874ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தத்தின் வழி டிண்டிங்ஸ் வட்டாரம் பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிக்குப் போனது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றோடு நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு பகுதியாக இருந்து, 1935இல்தான் மீண்டும் பேராக்கோடு சேர்ந்தது. பின்னர் டிண்டிங்ஸ் என்ற பெயரும் போய் மஞ்சோங் ஆயிற்று. பக்கத்துச் சித்தியவானுக்கு 1903இல் சீனாவின் பூச்சாவ் பகுதியிலிருந்து மெதடிஸ்ட் கிறிஸ்துவர்கள் குடியேறினார்கள். இன்றும் அந்நகரின் கடைவீதியில் சீன எழுத்து ஓங்கி நிற்கிறது. மலாய்க்காரர் கம்பத்தின் பெயர், ஆங்கிலேயக் கம்பெனி வைத்த தோட்டத்தின் பெயர், சீனர் கடையின் பெயர் எல்லாம் பலகையில் ஏறின. தமிழர் வைத்த பெயர்கள் மட்டும் வாயோடு நின்றுவிட்டன.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத செய்தி. நிலப்பத்திரத்தில் ஒரு பெயர், லயத்தில் ஒரு பெயர். துரையின் பெயரால் ஒரு தோட்டம், பழைய கங்காணியின் பெயரால் ஒரு டிவிஷன், ஆலமரத்தாலோ ஆற்றாலோ அறியப்பட்ட ஒரு லயம். ‘எந்தத் தோட்டம்?’ என்று கேட்டால் அந்தப் பெயரைத்தான் பாட்டி சொல்வார். எந்த வரைபடத்திலும் அது கிடையாது. தோட்டம் துண்டாடப்பட்டு, கித்தா செம்பனையாக மாறி, செம்பனையும் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது புதிதாக முளைத்தது ‘தாமான்’ என்று தொடங்கும் ஒரு மலாய்ப் பெயர். பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இன்று கார் நிறுத்துமிடம் இருக்கலாம். அங்கே நின்று பெயர் கொடுத்தவர்களைப் பற்றி அந்த இடத்தில் ஓர் எழுத்தும் இராது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அது தமிழ்ப்பள்ளி. பேராக் மாநிலத்தில் மட்டும் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் ‘தோட்டம்’, மலாயில் ‘லாடாங்’, ஒட்டிக்கொண்டிருக்கிறது. மஞ்சோங் மாவட்டத்திலேயே சுங்கை வாங்கி தோட்டத் தமிழ்ப்பள்ளி உண்டு. முக்கிம் புண்டுட், பங்கோர், ஆயர் தாவார் தமிழ்ப்பள்ளிகளும் சித்தியவான் மகா கணேச வித்தியாசாலையும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. நாட்டில் தோட்டமே இல்லாமல் போன பின்பும், பள்ளி வேறிடத்துக்குப் பெயர்ந்த பின்பும் பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் பள்ளிகள் பல. சிலர் அதை வெட்கமாக நினைக்கிறார்கள். ‘இன்னும் என்ன தோட்டம்?’ என்று பெயரை மாற்றச் சொல்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒரு தலைமுறை உழைத்த இடத்தின் பெயர் தமிழ் எழுத்தில், சாலையோரத்தில், அரசாங்க அங்கீகாரத்தோடு நிற்பது அந்த ஒரு பலகையில் மட்டும்தான். அதையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஆலய வளைவு மட்டுமே. ஆலயத்துக்கும் நிலப் பிரச்சினை இருந்தால் அதுவும் கேள்விக்குறிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம்மவர்களில் பலர் சரியாக அறிந்துகொள்ளவில்லை. தமிழ் எழுதினால் குற்றம் என்று நினைத்துப் பயப்படும் கடைக்காரர்களும் உண்டு; எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைத்து அபராதம் கட்டியவர்களும் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழி என்கிறது. அதே பிரிவு, அதிகாரப்பூர்வப் பயன்பாட்டைத் தவிர மற்றவற்றுக்கு வேறு எந்த மொழியையும் பயன்படுத்துவதையோ கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 1967ஆம் ஆண்டு தேசிய மொழிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொது நலனுக்குத் தேவை என்று கருதினால், மத்திய அரசாங்கமோ மாநில அரசாங்கமோ அதிகாரப்பூர்வ ஆவணங்களையும் தகவல்களையும் பிற சமூகங்களின் மொழியில் பெயர்த்து வெளியிடும் உரிமை பாதிக்கப்படாது என்கிறது அந்தப் பிரிவு. டிங்கிக் காய்ச்சல் துண்டறிக்கையும் கோவிட் காலத்துச் சுவரொட்டியும் தமிழில் வந்தபோது எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

கடைப் பலகை விவகாரம் ஊராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. வணிக உரிமம் வழங்கும் அதிகாரமும் விளம்பரத் துணைச் சட்டங்களும் அவற்றிடம் உள்ளன. பொதுவான விதி, தேசிய மொழி கட்டாயம் இருக்க வேண்டும். அது மற்ற மொழிகளைவிடப் பெரிதாக, முதன்மையாகத் தெரிய வேண்டும். வாசகத்தின் மொழியை டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்த்திருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தமிழும் சீனமும் ஆங்கிலமும் இடம்பெறத் தடையில்லை. 2024 அக்டோபரில் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல் கடைப் பலகைகள் மீது அதிரடிச் சோதனை நடத்தியபோதும் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். பிற மொழி வேண்டாம் என்று சொல்லவில்லை, தேசிய மொழி எங்கே என்றுதான் கேட்கிறோம் என்றார்கள். ஆனால் அந்த விவகாரம் அதிகாரிகளின் விளக்கத்தோடு அடங்கவில்லை. சுற்றுலா அமைச்சர் நடவடிக்கையைக் குறை கூறினார். அவருக்கு எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே முன்னாள் பிரதமர் துன் மகாதீர், தலைநகரின் பேரங்காடி ஒன்றில் எங்கும் சீன எழுத்தாக இருக்கிறது என்று வருத்தப்பட்டார். ஒரு கடையின் பலகை, யார் இந்நாட்டுக்குச் சொந்தக்காரர் என்ற வாக்குவாதமாக மாற இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் பினாங்கு மாநில அரசாங்கம் பழைய நகரப் பகுதியின் சாலைப் பெயர்ப்பலகைகளில் மலாய்ப் பெயருக்குக் கீழே சீனம், தமிழ், அரபு, ஆங்கிலம் என்று இடத்துக்கேற்ப இரண்டாம் மொழியைச் சேர்க்கத் தொடங்கியது. சுற்றுலாவுக்காக என்றது அரசாங்கம். தேசிய மொழிக்கு அவமதிப்பு என்றது எதிர்த்தரப்பு. பத்தாண்டுக்குப் பிறகு 2018 டிசம்பரில் ஷா ஆலாமில் எதிர்த்திசையில் ஒரு முடிவு வந்தது. மலாயோடு சீனமும் இருந்த சாலைப் பலகைகளை மாற்றி மலாய் மட்டுமே இருக்கும்படி செய்ய வேண்டும் என்று சிலாங்கூர் சுல்தான் ஆணையிட்டார். கிழக்குக் கரையிலோ வேறொரு காட்சி. கிளந்தானிலும் பகாங்கிலும் கடைப் பலகையில் ஜாவி எழுத்து வேண்டும் என்ற கட்டளை. ஒரே நாடு, ஒரே தேசிய மொழி. ஆனால் பலகை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எந்த மன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எழுத்து ஏறுகிறது, இறங்குகிறது.

மன்றத்தில் உட்காருவோரை மக்கள் தேர்ந்தெடுப்பதும் இல்லை. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு அந்த வழியே அடைபட்டது. இன்று மன்ற உறுப்பினர்கள் மாநில அரசாங்கத்தின் நியமனம். மஞ்சோங் நகராண்மைக் கழகமும் அப்படித்தான். இந்தியர்களில் சிலர் நியமிக்கப்படுகிறார்கள். சாக்கடை, தெருவிளக்கு, ஆலயத்துக்குத் தண்ணீர் இணைப்பு என்று அவர்களுக்கு வேலை நிறைய. பலகை மொழி பற்றிப் பேச அவர்களுக்கு நேரமில்லை என்று குறை சொல்வது எளிது. எத்தனை பேர் அவர்களிடம் அதைக் கேட்டு ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

தமிழுலகில் பலகைக்காக உயிரைப் பணயம் வைத்த வரலாறு உண்டு. 1953 ஜூலை 15ஆம் தேதி திருச்சிக்கு அருகே டால்மியாபுரம் இரயில் நிலையத்தில் ‘கல்லக்குடி’ என்ற பழைய பெயரை ஒட்டி, தண்டவாளத்தில் படுத்தார் மு.கருணாநிதி. ஆலை முதலாளியின் பெயர் ஊருக்கு எதற்கு என்பதே கேள்வி. தோட்டத் தமிழர்கள் இந்தக் கேள்வியின் பொருளை மற்ற எவரையும்விட நன்றாக உணர முடியும். அவர்கள் வாழ்ந்த எல்லா இடங்களுக்கும் முதலாளியின் பெயர்தானே? இலங்கையில் 1957இல் வாகன எண் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் அதன் மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பலகைகள் மேல் தார் பூசப்பட்டது. 1958 கலவரத்துக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் அந்த ஒற்றை எழுத்தும் ஒன்று. மலேசியா அந்தப் பாதையில் போகவில்லை. அது இங்குள்ள எல்லா இனத்தாரின் நிதானத்துக்கும் கிடைத்த பலன். அதற்காகத் தமிழ்நாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் தேவையில்லை. கடைப் பலகையில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, பிற மொழி இரண்டு என்று அங்கே விதி இருக்கிறது. சென்னைக் கடைவீதியில் நடந்தால் அந்த விதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

மீண்டும் ‘அபாயம்’ பலகைக்கு வருவோம். அது தமிழில் இருந்ததற்குக் காரணம் வேறு மொழி படிக்கத் தெரியாத தொழிலாளி. அந்தத் தொழிலாளியின் பேரன் இன்று மலாயை நன்றாகப் படிக்கிறான், ஆங்கிலமும் தெரியும். அவனுக்கு உயிர் காக்கத் தமிழ்ப் பலகை தேவையில்லை. தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் இப்போது எச்சரிக்கை அறிவிப்புகள் வங்காளத்திலும் நேப்பாளியிலும் ஏறுகின்றன. தமிழ் நின்ற இடத்தில் இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் மொழி வந்து நிற்கிறது. இது இயல்பு, அவர்களுடைய உயிரும் உயிர்தான். ஆனால் இதில் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ‘படிக்கத் தெரியாதவர்களுக்காக’ என்ற பழைய காரணம் தேய்ந்து வருகிறது. புதிய காரணம் சொல்ல வேண்டும். ‘படிக்கத் தெரியும், ஆனாலும் எங்கள் எழுத்தும் இந்த ஊரில் இருக்க வேண்டும்’ என்பது அந்தக் காரணம். இதை வாதாடுவது கடினம். முதலாவது இரக்கத்தைக் கேட்டது. இரண்டாவது இடத்தைக் கேட்கிறது. நாட்டு மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காடு, பேராக்கில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகம் என்ற நிலையில் உள்ள ஒரு சமூகம் இடம் கேட்கும்போது, ‘ஏன்?’ என்று திருப்பிக் கேட்கப்படும்.

பழைய காரணம் முழுக்கத் தேய்ந்துவிடவும் இல்லை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை, சிலர் அதுவும் இல்லாமல், தமிழ் மட்டும் படித்த அறுபது, எழுபது வயதினர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவமனையில் எந்த அறைக்குப் போவது, படகுத்துறையில் எந்த வரிசையில் நிற்பது என்று பேரப்பிள்ளையிடம் கேட்கிறார்கள். பேரப்பிள்ளை கோலாலம்பூரில் வேலையில் இருந்தால் யாரிடமாவது கேட்கிறார்கள். மாசி மகத்துக்குப் போகும் படகிலும் அந்த அம்மாக்களும் ஐயாக்களும்தான் அதிகம். 1967 சட்டம் சொல்லும் ‘பொது நலன்’ இவர்களையும் சேர்த்துத்தான்.

அரசாங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிக்க முடியாத இன்னொரு பக்கமும் உண்டு. சட்டம் அனுமதிக்கும் இடத்திலேயே நம்மவர்கள் எழுதுவதில்லை. முடிதிருத்தகம், பூக்கடை, சாப்பாட்டுக் கடை, நகைக்கடை என்று சொந்தக்காரர் தமிழர், வாடிக்கையாளர் தமிழர். பலகையிலோ மலாய் ஒரு வரி, ஆங்கிலம் ஒரு வரி. கேட்டால் ‘இடம் போதவில்லை’, ‘பலகை போடுறவங்ககிட்ட தமிழ் எழுத்து இல்ல’ என்று பதில் வரும். இரண்டாவது பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தமிழ் தெரியாத அச்சகத்தில் கொடுத்தால் கணினி கொம்பையும் காலையும் பிய்த்துப் போட்டு, ‘கொ’ இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், ‘கா’ ஒரு பக்கமாக நிற்கும். அது பிழை என்று பார்ப்பதற்கு ஆள் இல்லாததால் அப்படியே ஏறிவிடும். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் சிங்கப்பூரிலேயே 2014இல் ‘லாவ் பா சாட்’ என்ற புகழ்பெற்ற உணவங்காடியின் பெயரில் இருந்த ‘சாட்’டைச் சனிக்கிழமை என்று எடுத்துக்கொண்டு, வழிகாட்டிப் பலகையில் ‘சனி’ என்று போட்டு வைத்தார்கள். ஊர் சிரித்தது; பலகை இறங்கியது. பெயருக்குத் தமிழ் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அந்தச் ‘சனி’ நல்ல பாடம். பிழையான தமிழ் நிற்பதைப் பார்த்தும் எதுவும் சொல்லாமல் கடந்து போகிறவர்கள் பெருகப் பெருக, அடுத்த முறை எழுதுபவர் இன்னும் அலட்சியமாக எழுதுவார்.

இதற்கெல்லாம் பெரிய போராட்டம் தேவை என்று தோன்றவில்லை. மஞ்சோங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ் படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் பலகை போடும் முன் அதன் தமிழ் வரியை அவர்களில் ஒருவரிடம் காட்ட அரை மணி நேரம் போதும். மலாய் வரியை டேவான் பஹாசாவிடம் சரிபார்க்கத்தான் போகிறார். தமிழ் வரிக்கும் ஒரு கண் வேண்டாமா? ஆலய நிர்வாகமும் ஒன்று செய்யலாம். ஆண்டுதோறும் திருவிழாவுக்காகப் போக்குவரத்து, பாதுகாப்பு, படகுச் சேவை என்று அதிகாரிகளோடு பேசத்தான் வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சில் நிரந்தரமான ஒரு தமிழ் அறிவிப்பையும் சேர்த்துக் கேட்கலாம். மலாய் மேலே, பெரிதாக, விதிப்படி. கீழே தமிழில் பங்கோர் செல்லும் வழி, படகு புறப்படும் நேரம். மறுத்தால் எழுத்து மூலம் காரணம் கேட்கலாம். அந்தக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாநில அரசாங்கத்திடம் போகலாம். 3ஆவது பிரிவு மாநில அரசாங்கத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

தலைநகரில் மோனோரயில் நிலையம் ஒன்றுக்கு ‘துன் சம்பந்தன்’ என்று பெயர். சுங்கை சிப்புட்டில் பிறந்த பேராக்காரர் அவர். துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்க வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். ஒலிபெருக்கி அந்தப் பெயரை அறிவிக்கும்போது ரோமன் எழுத்தில் இருந்தாலும் அது தமிழ்ப் பெயர்தான் என்று இரயிலில் இருப்போர் அனைவருக்கும் தெரிகிறது. எந்த இனத்தவரும் அதற்காகச் சண்டைக்கு வந்ததில்லை. சித்தியவானிலிருந்து லூமுட் போகும் வழியில் இருந்த தோட்டங்களின் பெயர்களை, லயத்துப் பெயர்களையும் சேர்த்து, இன்னும் சொல்லக்கூடியவர்கள் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த மாசி மகத்துக்குப் படகு ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். பலகை ஏற நாளாகும். தாளில் எழுத யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை.